ரெமுலாட் சோஸ்: மட்டக்களப்பு, அம்பாறைச் சமையலறைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பாசிக்குடாவிலோ பொத்துவில் உல்லையிலோ பொரித்த மீன் கேட்கிற வெளிநாட்டுக்காரர், தட்டின் ஓரத்தில் சின்னக் கோப்பையில் புளிப்பான வெள்ளைச் சோஸ் ஒன்றையும் எதிர்பார்ப்பார். போத்தல் மயோனைஸில் வெங்காயத்தை அரிந்து போட்டுக் கொடுத்தால், மீன் ஆறுவதற்குள் அது தண்ணீர் விட்டுவிடும். சரியாகச் செய்த ரெமுலாட் அப்படி விடாது. கரண்டியில் எடுத்தால் மெல்ல விழும். கடுகின் காரம் மூக்கைத் தொடும். நடுவில் புளித்த காய்த் துண்டு ஒன்று பல்லில் கடிபடும்.

இது கஷ்டமான சமையல் இல்லை. அச்சாறு போடத் தெரிந்த வீட்டில் இதில் பாதி வேலை ஏற்கெனவே பழகியிருக்கும்: கடுகு அரைப்பது, காயை உப்பிட்டுப் பிழிவது, வினாகிரியை அளந்து விடுவது. புதிதாகப் பழகவேண்டியது, மஞ்சள் கருவில் எண்ணெயை அடித்துச் சேர்க்கும் மயோனைஸ் மட்டும்தான். இந்தச் சோஸ் கெடுவது இரண்டே வழியில். ஒன்று, எண்ணெயை அவசரமாக ஊற்றுவது. மற்றது, காயில் தண்ணீரை விட்டுவைப்பது.

எது ரெமுலாட், எது தார்தார்

பிரெஞ்சு முறை ரெமுலாட் என்பது மயோனைஸோடு கடுகு விழுது, வினாகிரியில் ஊறிய கேர்கின் என்ற குட்டி வெள்ளரி, கேப்பர் மொட்டு, பார்ஸ்லி, செர்வில், தாரகன் இலைகள், கொஞ்சம் அஞ்சோவி மீன் சேர்ந்தது. தார்தார் சோஸ் இதற்குத் தங்கை மாதிரி. பழைய பிரெஞ்சு முறையில் தார்தாருக்கு அவித்த மஞ்சள் கருவைக் கசக்கித்தான் எண்ணெய் சேர்ப்பார்கள், வெங்காயத்தாள் வகை இலையும் போடுவார்கள். இன்று கடைகளில் தார்தார் என்று விற்பது பெரும்பாலும் மயோனைஸும் கேர்கினும் கேப்பரும்தான். கடுகும் உப்பு மீனும் தூக்கலாக இருந்தால் ரெமுலாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் பொரியலுக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் அறுக்குளா, சூரை போன்ற நெய்ப்பும் மணமும் உள்ள மீனுக்கு ரெமுலாட்தான் எடுப்பு. கடுகு இல்லாத சோஸ் அந்த மீனோடு மல்லுக்கட்ட முடியாமல் அடங்கிப்போகும்.

பிரான்சிலிருந்து புறப்பட்ட இந்தச் சோஸ் போன இடமெல்லாம் நிறம் மாறியது. பிரான்சிலேயே இதை அதிகம் பார்ப்பது மீனோடு அல்ல, செலரிக் கிழங்குத் துருவலோடு. அது அங்கே சாதாரண இறைச்சிக்கடையில்கூடக் கிடைக்கும் குளிர் சலாட். டென்மார்க்கில் மஞ்சளும் கறித்தூளும் சேர்ந்து மஞ்சள் நிறமாகி, பொரித்த மீன், உருளைக்கிழங்குப் பொரியல், ஹொட்டோக், மாட்டிறைச்சி வைத்த ரை பாண் என்று எல்லாவற்றின் மேலும் ஏறிவிட்டது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் மிளகாய்த்தூளும் பப்ரிக்காவும் சேர்ந்து சிவந்து, அவித்த இறாலுக்குத் துணையானது. டென்மார்க் வகை அச்சாறு கலந்த மயோனைஸுக்கு மிகக் கிட்ட வருவதால், முதன்முதல் செய்கிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

என்னென்ன வேண்டும்

கீழே வருவது 10 பேருக்குப் போதும், சுமார் 400 கிராம் கிடைக்கும். தேக்கரண்டி என்றால் 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி என்றால் 15 மில்லிலீற்றர். எல்லாவற்றையும் மட்டமாக அளவுங்கள்.

மயோனைஸுக்கு:
முட்டை மஞ்சள் கரு 2 (கடை முட்டை, 55 முதல் 60 கிராம் உள்ளது)
கடுகு விழுது 1 தேக்கரண்டி
உப்பு ½ தேக்கரண்டி
வினாகிரி 1 மேசைக்கரண்டி
தேசிக்காய்ச் சாறு 1 மேசைக்கரண்டி
எண்ணெய் 250 மில்லிலீற்றர்

அதில் கலக்க:
வினாகிரியில் ஊறிய காய், பிழிந்த பிறகு 60 கிராம்
கேப்பர் அல்லது அதற்குப் பதில் ஒன்று, 1 மேசைக்கரண்டி
வெங்காயத்தாள், பொடியாக அரிந்தது 2 மேசைக்கரண்டி
பார்ஸ்லி அல்லது செலரி இலை, அரிந்தது 2 மேசைக்கரண்டி
கடுகு விழுது இன்னும் 1 மேசைக்கரண்டி
நெத்தலிக் கருவாட்டுத் தூள் 1 தேக்கரண்டி
மிளகுத்தூள் ¼ தேக்கரண்டி

ஊர்க்கோழி முட்டை என்றால் கரு சிறியது. இரண்டுக்குப் பதில் மூன்று எடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில்தான் நம் பக்கத்தில் பலர் சறுக்குவது. வீட்டில் கைக்கு எட்டும் தேங்காயெண்ணெயில் மயோனைஸ் செய்தால் அடிக்கும்போது அழகாகவே வரும். நம் வெக்கைக்குத் தேங்காயெண்ணெய் இளகித்தான் இருக்கும். ஆனால் அது 24, 25 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைகிற எண்ணெய். பிரிஜ்ஜில் வைத்த சில மணிநேரத்தில் துளிகள் உறைந்து, தம்மைச் சுற்றியிருந்த படலத்தைக் கிழித்துவிடும். வெளியே எடுத்து இளகவிட்டால் மேலே எண்ணெய், அடியில் திரிந்த மஞ்சள் நீர். மணம் வேண்டும் என்றால் மொத்த எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி மட்டும் தேங்காயெண்ணெய் சேர்க்கலாம். மரக்கறி எண்ணெய் என்று விற்கும் பாம் எண்ணெயும் குளிரில் கலங்கும், அதுவும் வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய் அல்லது சோயா எண்ணெய் நல்லது. நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் சோஸ் இட்டலிப்பொடி மணக்கத் தொடங்கும். ஒலிவ் எண்ணெய் வாங்கினால் கன்னி ஒலிவை முழுவதும் போட்டு மெஷினில் அடிக்கவேண்டாம், கசந்துவிடும்.

வினாகிரியில் தென்னங்கள்ளு வினாகிரிக்கு வாசனையும் மென்மையும் உண்டு; செயற்கை வினாகிரி வெறும் புளிப்பு. இருப்பதில் முந்தியதே மேல். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் விற்பனைக்குச் செய்கிறவர்கள், கள்ளிலிருந்து வந்தது வேண்டாம் என்று வாடிக்கையாளர் நினைத்தால், வினாகிரியை விட்டுவிட்டு இரண்டு மேசைக்கரண்டியும் தேசிக்காயாகவே போடலாம். சுவை கொஞ்சம் மாறும், சோஸ் கெடாது.

கடுகு விழுதுக்கு டிஜோன் என்ற பிரெஞ்சுக் கடுகுப் போத்தல் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் கவலை இல்லை: டிஜோன் கடுகுக்கும் நம் பழுப்புக் கடுகே மூலம். 3 மேசைக்கரண்டி கடுகை மிக்ஸியில் உலர்வாகப் பொடித்து, 3 மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் குழைத்துப் 10 நிமிடம் விடுங்கள். அதன் பிறகு 2 மேசைக்கரண்டி வினாகிரியும் ½ தேக்கரண்டி உப்பும் சேர்த்து மூடி வையுங்கள். வரிசை முக்கியம். கடுகின் காரம் விதைக்குள் ஆயத்தமாக இல்லை. பொடித்து நனைத்த பிறகு அதிலுள்ள நொதியம் வேலை செய்தே காரத்தை உண்டாக்குகிறது. சுடுதண்ணீர் ஊற்றினால் நொதியம் செத்துக் காரம் வராது. வினாகிரியை முதலிலேயே ஊற்றினாலும் காரம் மட்டாகும். அரைத்த உடனே கசக்கும், ஒரு இரவு போனால் கசப்பு அடங்கும். ஆகவே இதை முதல் நாளே செய்துவையுங்கள்.

கேர்கின் சுப்பர்மார்க்கெட்டில் போத்தலில் கிடைக்கும். இனிப்புச் சேர்த்தது, சேர்க்காதது இரண்டும் உண்டு, சேர்க்காததை எடுங்கள். அது இல்லாத இடத்தில் மலாய் அச்சாற்றுக் காய்களே நல்ல மாற்று. கரட், பயற்றங்காய், சின்ன வெங்காயம், பப்பாசிக்காய் எல்லாம் அதில் ஏற்கெனவே வினாகிரியில் நின்றவை. பச்சைமிளகாயையும் பேரீச்சம்பழத்தையும் தள்ளிவிட்டு எடுங்கள். பிலிங்காய் காய்க்கிற வீட்டில் இன்னும் சுகம்: நாலு காயை நீளமாகப் பிளந்து உப்பிட்டு ஒரு இரவு வைத்துப் பிழிந்தால் கேர்கினை நினைக்கத் தேவையில்லை. புளிப்பு கூர்மையாக இருக்கும், எனவே தேசிக்காயில் பாதியைக் குறைக்கவேண்டும்.

கேப்பருக்குப் பதில் மிளகாய்த்தூள் படாத உப்புத் தேசிக்காய் ஊறுகாயின் தோல். அரைக் காய் போதும். சதையை வழித்து எறிந்து, தோலைக் கழுவி, அரிசி மணி அளவுக்குக் கொத்துங்கள். உப்பு, புளிப்பு, மெல்லிய கசப்பு மூன்றும் கேப்பர் தருவதுபோலவே வரும்.

அஞ்சோவிக்கு நெத்தலி. இது சமாளிப்பு இல்லை. நம் நெத்தலி அஞ்சோவிக் குடும்பத்து மீன்தான். அவர்கள் உப்பிலிட்டு மாதக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள், நாம் காயவைக்கிறோம். 10 நெத்தலியின் தலையைக் கிள்ளி, கழுவித் துடைத்து, வெறும் சட்டியில் மெல்லிய நெருப்பில் மொறுமொறுப்பாகும்வரை வறுத்து, ஆறியதும் பொடித்துச் சலியுங்கள். மாசித் தூளும் போடலாம், ஆனால் மாசிக்குப் புகை மணம் இருப்பதால் சோஸ் சம்பல் பக்கம் சாய்ந்துவிடும்.

இலையில் பார்ஸ்லி இல்லாவிட்டால் செலரி இலை, அதுவும் இல்லாவிட்டால் வெங்காயத்தாளையே இரட்டிப்பாகப் போடுங்கள். கொத்தமல்லி போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறொரு சோஸ். வல்லாரை வேண்டாம்.

முட்டையைப் பாதுகாப்பாக்குவது

பச்சை முட்டையில் சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், வயோதிபர், நோயில் தேறுகிறவர்கள் சாப்பிடும் வீட்டிலும், விற்பனைக்குச் செய்யும் கடையிலும் கருவைச் சூடாக்கியே எடுக்கவேண்டும். வேலை ஐந்து நிமிடம்.

ஒரு சட்டியில் இரண்டு விரல் தண்ணீர் கொதிக்கவைத்து நெருப்பைக் குறையுங்கள். அதன்மேல் தண்ணீரைத் தொடாதபடி ஒரு உருக்குக் கிண்ணத்தை வைத்து, 2 மஞ்சள் கரு, 1 மேசைக்கரண்டி வினாகிரி, 1 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கைவிடாமல் கிளறுங்கள். வெப்பமானி இருந்தால் 71 பாகை காட்டியதும் இறக்குங்கள். அது இல்லாவிட்டால் கரண்டியின் பின்பக்கம் கஸ்டட் மாதிரிப் பூசினதுபோல் ஒட்டி, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கவேண்டும். உடனே கிண்ணத்தைப் பச்சைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி ஆறவிடுங்கள். மணிமணியாகத் திரண்டுவிட்டால் சூடு கூடிப்போயிற்று. இலேசாகத் திரண்டதை வடித்து எடுக்கலாம், புட்டுப்போல் ஆனதை விட்டுவிட்டுப் புதுக் கரு எடுங்கள். ஆறாத கருவில் எண்ணெய் ஊற்றக்கூடாது.

மயோனைஸ் அடிப்பது

எண்ணெயும் தண்ணீரும் சேராது. மஞ்சள் கருவில் உள்ள லெசிதினும் புரதமும் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி ஒரு தோல் போர்த்தி, துளிகள் ஒன்றோடொன்று கூடாமல் பிரித்துவைக்கின்றன. அரைத்த கடுகின் தோலில் உள்ள பசையும் இதற்கு உதவும். கடுகை முதலிலேயே போடச்சொல்வது சுவைக்காக மட்டுமல்ல. தோல் போர்த்தி முடிவதற்குள் அடுத்த எண்ணெய் வந்து விழுந்தால் துளிகள் கூடிப் பெரிதாகி மேலே மிதக்கும். மயோனைஸ் திரிவது என்பது இவ்வளவுதான்.

கனமான கிண்ணம் ஒன்றின் அடியில் ஈரத் துணியைச் சுருட்டி வையுங்கள். கிண்ணம் ஓடாது, ஒரு கை எண்ணெய்க்குக் கிடைக்கும். முட்டையும் எண்ணெயும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்த முட்டையை அரை மணிநேரம் வெளியே வைத்திருங்கள்.

கரு, கடுகு 1 தேக்கரண்டி, உப்பு, வினாகிரி நான்கையும் ஒரு நிமிடம் அடியுங்கள். சூடாக்கிய கருவில் வினாகிரி ஏற்கெனவே போயிருக்கும், மறுபடி விடவேண்டாம். கரு கொஞ்சம் வெளிறி நுரைத்ததும் எண்ணெயைத் துளி துளியாக விடுங்கள். துளி என்றால் துளிதான்: தேக்கரண்டியின் நுனியிலிருந்து சொட்டவேண்டும், சொட்டியது மறைந்த பிறகே அடுத்தது. முதல் 50 மில்லிலீற்றருக்கு இந்தப் பொறுமை வேண்டும், நாலைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் கலவை தடித்து, அடிக்கும் சத்தமே மாறும். கம்பி கிண்ணத்தில் உரசும் ஓசை அடங்கி, மொத்தையான ஓசை வரும். அந்த ஓசை வந்த பிறகு நூல் கனத்தில் ஊற்றலாம். 150 மில்லிலீற்றர் போனதும் தேசிக்காய்ச் சாற்றில் பாதியை விட்டுத் தளர்த்துங்கள், பிறகு மீதி எண்ணெய், கடைசியில் மீதிச் சாறு.

நடுவில் பளபளப்பு மங்கி, ஓரத்தில் எண்ணெய் மணிகள் கட்டினால் உடனே ஊற்றுவதை நிறுத்துங்கள். கலவை மிகக் கெட்டியாகியிருந்தால் தண்ணீர்தான் போதாமல் இருக்கும். 1 தேக்கரண்டி தண்ணீர் விட்டு அடித்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். எண்ணெய்க்கு இடம் கொடுக்கத் தண்ணீர் வேண்டும். எண்ணெய் கூடக்கூட மயோனைஸ் கெட்டியாவதும் அதனால்தான். தளர்ந்த மயோனைஸைத் தடிக்கவைக்க இன்னும் எண்ணெய் ஊற்றவேண்டும் என்றால் முதல்முறை செய்கிறவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் வழி.

முழுவதும் திரிந்துபோனாலும் எறியவேண்டாம். வேறு கிண்ணத்தில் 1 தேக்கரண்டி கடுகு விழுதும் 1 மேசைக்கரண்டி தண்ணீரும் அடித்து, திரிந்ததை எண்ணெய் போலவே துளித்துளியாக அதில் சேர்த்து வாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் இன்னொரு மஞ்சள் கருவில் தொடங்குங்கள். திரிந்த கிண்ணத்திலேயே புதுக் கருவைப் போட்டு அடிப்பது வீண்; அங்கே எண்ணெய் ஏற்கெனவே கூட்டமாக நிற்கிறது.

கை பிளெண்டர் இருந்தால் வேலை இன்னும் சுருக்கம். பிளெண்டர் தலை மட்டும் இறங்கும் ஒடுக்கமான போத்தலில் முழு முட்டை 1, கடுகு 1 தேக்கரண்டி, உப்பு, தேசிக்காய் 1 மேசைக்கரண்டி, மேலே எண்ணெய் 200 மில்லிலீற்றர் ஊற்றி ஒரு நிமிடம் அடங்கவிடுங்கள். தலையை அடியில் முட்டையின்மேல் அழுத்திப் பிடித்து ஓட்டுங்கள். 15 விநாடி அசைக்காதீர்கள். அடியிலிருந்து வெள்ளை எழும்போது மெல்ல மேலே தூக்குங்கள். அகலப் பாத்திரத்தில் இந்த முறை சரிவராது: தலை முட்டையையும் எண்ணெயையும் ஒரே நேரத்தில் இழுத்துவிடும். மிக்ஸி ஜாரில் அடிக்கிறவர்கள் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறும்.

முட்டை சேர்க்காதவர்களுக்குப் பால் இருக்கிறது. குளிர்ந்த பால் 100 மில்லிலீற்றர், எண்ணெய் 200 மில்லிலீற்றர், கடுகு, உப்பு, எல்லாவற்றையும் கை பிளெண்டரில் இதே மாதிரி அடித்து, தடித்த பிறகே தேசிக்காய். முதலில் விட்டால் பால் திரையும். கை வலிக்க அடித்தால் இது வராது, மெஷின்தான் வேண்டும்.

காயைக் கலப்பது: தண்ணீரை வெளியேற்றுவது

மயோனைஸில் உப்பு உண்டு. ஈரமான காயை அதில் போட்டால் உப்பு காய்க்குள் இருக்கும் தண்ணீரை இழுத்து வெளியே விடும். இரண்டு மணிநேரத்தில் கெட்டியான சோஸ் மோராகும். இதனால் காயை முதலிலேயே வற்றவைக்கவேண்டும்.

ஊறிய காயைப் பயற்றம்பருப்பு அளவுக்குக் கொத்துங்கள். மிக்ஸியில் விடவேண்டாம், அது காயை நசுக்கிச் சாறாக்கும், பிறகு எவ்வளவு பிழிந்தாலும் கடிபட ஒன்றும் மிஞ்சாது. கொத்தியதைச் சுத்தமான பருத்தித் துணியில் முடிந்து, தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி முறுக்குங்கள். முதல் பிழியோடு நிறுத்தாமல், பிரித்துக் கிளறி இன்னொருமுறை முறுக்குங்கள். இரண்டாவதில் வருகிற தண்ணீரைப் பார்த்தால் ஏன் சொல்கிறோம் என்று விளங்கும். பிழிந்த சாற்றை ஊற்றிவிடாமல் வையுங்கள், கடைசியில் புளிப்புக் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி போதும்.

பச்சை வெங்காயம் போடுவதானால் கொத்தி, ஒரு சிட்டிகை உப்பில் 10 நிமிடம் வைத்து, கழுவிப் பிழிந்து போடுங்கள். கழுவாத வெங்காயம் அடுத்த நாள் சோஸ் முழுவதையும் நாறவைக்கும். இலைகளையும் கழுவி உலர்த்திய பிறகே அரியுங்கள்.

இனி எல்லாவற்றையும் மயோனைஸில் போட்டு அகப்பையால் மடித்துக் கலக்குங்கள், அடிக்கவேண்டாம். உப்பு இப்போது பார்க்காதீர்கள். நெத்தலியும் ஊறுகாயும் உப்பை மெல்ல விடும். பிரிஜ்ஜில் ஒரு மணிநேரம் வைத்த பிறகு பாருங்கள். பெரும்பாலும் மேலும் உப்புத் தேவைப்படாது.

கடை மயோனைஸில் செய்கிறவர்கள் 300 கிராமுக்கு இதே கலவையைச் சேர்க்கலாம். போத்தலில் இனிப்புத் தூக்கலாக இருந்தால் கடுகையும் தேசிக்காயையும் அரை மடங்கு கூட்டுங்கள். இது வீட்டில் அடித்ததுபோல் இராது, அவசரத்துக்கு ஆகும்.

மஞ்சள் வகை, சிவப்பு வகை

டென்மார்க் வகைக்கு ½ தேக்கரண்டி மஞ்சள்தூளையும் ½ தேக்கரண்டி வறுக்காத கறித்தூளையும் 1 மேசைக்கரண்டி எண்ணெயில் பச்சை வாடை போகச் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு, அந்த எண்ணெயையும் மயோனைஸில் அடித்துக்கொள்ளுங்கள். வறுத்த கறுப்புத் தூள் போட்டால் நிறமும் மணமும் கறியாகிவிடும். காயாக அச்சாற்றுக் கரட்டும் கோவாவும் கோலிபிளவரும் 80 கிராம், சீனி 2 தேக்கரண்டி, வெங்காயத்தாள். கேப்பரும் நெத்தலியும் வேண்டாம். டேனிஷ் சோஸ் இலேசாக இனிக்கவேண்டும், நம் வாய்க்கு ஒரு தேக்கரண்டிச் சீனியே போதும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

சிவப்பு வகைக்கு கடுகை ஒரு மேசைக்கரண்டி கூட்டி, தனி மிளகாய்த்தூள் ½ தேக்கரண்டி, தக்காளி சோஸ் 1 மேசைக்கரண்டி, நசித்த உள்ளி 1 பல்லு, வெங்காயத்தாள் 3 மேசைக்கரண்டி, பொடியாக அரிந்த செலரித் தண்டு 2 மேசைக்கரண்டி. நியூ ஓர்லியன்ஸில் இதற்குக் குதிரை முள்ளங்கி வேரையும் துருவிப் போடுவார்கள். முருங்கை வேருக்கும் அதே வாசனை உண்டு, ஆங்கிலத்தில் முருங்கைக்குக் குதிரை முள்ளங்கி மரம் (horseradish tree) என்ற பெயர் வந்ததும் அதனால்தான். ஆனாலும் முருங்கை வேர்ப்பட்டையில் நச்சுப் பொருட்கள் இருப்பதால் அதைத் துருவிப் போடவேண்டாம். கடுகே போதும்.

எதோடு, எப்படி

முதலில் மீன். கொடுவா, பாரை, அறுக்குளா எதுவானாலும் முள்ளெடுத்து ஒன்றரைச் சென்றிமீற்றர் கனத்தில் வெட்டுங்கள். 500 கிராமுக்கு ¾ தேக்கரண்டி உப்பும் ½ தேக்கரண்டி மிளகும் தடவிக் கால்மணிநேரம் விட்டு, வெளியேறிய தண்ணீரைத் துணியால் ஒற்றுங்கள். தேசிக்காய்ப் புளியில் மீனை ஊறவைக்காதீர்கள்: புளி மீனைப் பொரிக்குமுன்பே வேகவைத்துச் சதையை மாவாக்கும், புளிப்புத்தான் சோஸில் இருக்கிறதே. அரிசிமா 4 மேசைக்கரண்டி, கோதுமைமா 2 மேசைக்கரண்டி கலந்து பிரட்டி, முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்து (மயோனைஸில் மிஞ்சியது இங்கே உதவும்), பாண் தூளில் புரட்டுங்கள். எண்ணெய் 180 பாகையில் இருக்கவேண்டும். பாண் துண்டொன்று ஒரு நிமிடத்துக்குள் பொன்னிறமானால் சரி. மூன்று, நாலு நிமிடத்தில் எடுத்துக் கம்பித்தட்டில் வடியவிடுங்கள், கடதாசியில் போட்டால் அடிப்பக்கம் நமுத்துப்போகும். சோஸை மீனின்மேல் ஊற்றாதீர்கள். சூட்டில் மயோனைஸ் உருகி எண்ணெயாகும், மொறுமொறுப்பும் போகும். பக்கத்தில் வையுங்கள்.

இறாலுக்குச் சிவப்பு வகை. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் தோலோடு போட்டு இரண்டு, மூன்று நிமிடம். அரைவட்டமாக வளைந்ததும் எடுத்து ஐஸ் தண்ணீரில் போடுங்கள். முழுவட்டமாகச் சுருண்டால் வெந்தது கூடிவிட்டது, றப்பர் மாதிரி இழுக்கும். தோலுரித்து, துடைத்து, கோவா இலையில் அடுக்கிச் சோஸைக் கரண்டியால் விடுங்கள். களப்பு நண்டின் சதையை உதிர்த்து வெள்ளை ரெமுலாட்டில் பிரட்டினால் சான்ட்விச்சுக்கு இதைவிட வேறொன்று தேவையில்லை.

செலரிக் கிழங்கு இங்கே கிடைப்பது அரிது. அந்தச் சலாட்டைப் பப்பாசிக்காயிலோ நோக்கோலிலோ செய்யலாம். தீக்குச்சி கனத்தில் 400 கிராம் சீவி, 1 தேக்கரண்டி உப்பும் 1 மேசைக்கரண்டி தேசிக்காயும் பிசறி அரை மணிநேரம் வைத்து, பிழிந்து, 5 மேசைக்கரண்டி ரெமுலாட்டில் பிரட்டுங்கள். பிழிவதைத் தவிர்த்தால் பரிமாறும்போது தட்டில் குளம் கட்டும்.

மீன் கட்லட், ரோல்ஸ், மரவள்ளிப் பொரியல், பொரித்த கணவாய், மீன் வைத்த பணிஸ் எல்லாவற்றுக்கும் மஞ்சள் வகை எடுபடும். வாழைப்பூக் கட்லட்டுக்குப் பால் மயோனைஸில் செய்தது, நெத்தலி இல்லாமல். சோற்றுக்கும் கறிக்கும் பக்கத்தில் இதை வைப்பதில் அர்த்தமில்லை.

வைத்திருப்பது

கொதிதண்ணீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில், பிரிஜ்ஜில் 4 பாகை அளவில் வையுங்கள். சூடாக்கிய கருவில் செய்தது நாலு நாள், பச்சைக் கருவில் செய்தது இரண்டு நாள், பால் வகை இரண்டு நாள். அதற்கு மேல் நல்ல மணம் வந்தாலும் நம்பவேண்டாம். இலையை அன்றன்றைக்குத் தேவையான அளவு சோஸில் மட்டும் கலந்தால் நிறம் மங்காது. உறைபெட்டியில் வைத்தால் எண்ணெய் பிரிந்துவிடும்.

மேசையில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதிய வெக்கை 32 பாகையைத் தாண்டும் நாட்களில் ஒரு மணிநேரம்தான். கடற்கரைக் கடைகளில் ஐஸ் நிரப்பிய தட்டின்மேல் கோப்பையை வைத்துச் சிறிது சிறிதாக எடுத்துவருவது நல்லது. கரண்ட் போனால் பிரிஜ்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணிநேரம் வரைக்கும் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் சோஸை ஊற்றிவிடுங்கள். வாடிக்கையாளரின் கோப்பையில் மிஞ்சியதைப் போத்தலில் திரும்பக் கொட்டுவதும், பழைய சோஸின்மேல் புதியதை ஊற்றி நிரப்புவதும்தான் கடைகளில் நடக்கும் பெரிய பிழை. அடியில் கிடக்கும் பழையதற்கு எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாமல் போகும். போத்தலில் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள், முடிந்ததும் கழுவி உலர்த்திய பிறகே அடுத்ததை நிரப்புங்கள்.

பிரிஜ்ஜிலிருந்து எடுத்த சோஸ் இறுகியிருந்தால் கரண்டியால் கிளறினாலே இளகும். மேலே மெல்லிய நீர் நின்றால் வடித்துவிட்டு ஒரு தேக்கரண்டி கடுகு விழுது சேர்த்து மடியுங்கள், கையோடு பரிமாறுங்கள்.